என் வீட்டில் மட்டும் நிற்கிற படம்

அவன் வேண்டுமென்றேதான் செய்தான், அம்மிணி. தெரியாமல் நடந்தது, தானாக நடந்தது, மிஷின் கோளாறு என்று யார் வந்து சொன்னாலும் நான் நம்பமாட்டேன். என் வீட்டு டிவியில் படம் நின்று நின்று ஓடுவதற்கு ஒருத்தன்தான் காரணம். அவன் பேரை என் வாயால் சொல்லமாட்டேன். சொல்வதில்லை என்று முடிவு பண்ணிவிட்டேன். நான் பெற்றவன் என்பது வரைக்கும் தெரிந்துகொள், போதும்.

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்து, பெட்டி இடிக்கும். இதற்கு லக்கேஜ் போடுகிறேன் என்றானே கண்டக்டர், கேட்டாயா? "மடியில வெச்சிருக்கறதுக்கு என்ன லக்கேஜு? வவுத்துல புள்ளையோட ஏறினா அதுக்கும் போடுவியா?" என்றேன். முன்னால் போய்விட்டான். பேசாமல் காசை நீட்டியிருந்தால் வாங்கித்தான் இருப்பான். நீ எங்கே, அவினாசியா? கோயமுத்தூர் வரைக்குமா? நல்லது.

திருப்பூரில் காதர்பேட்டைக்குப் போய் மயிலாத்தாள் என்று கேட்டுப் பார். எக்ஸ்போர்ட்டில் கழித்துப்போட்ட பனியன், டி-சர்ட், பொம்மை போட்ட பிள்ளைத் துணி, எல்லாம் கம்பெனி வாசலில் நின்று லாட்டாகப் பேசி எடுத்துவந்து விற்கிறவள். என் வீட்டுக்காரர் போன பிறகு வேஸ்ட் துணி பிரிக்கிற வேலைக்குப் போனேன். தூசியில் உட்கார்ந்து பிரித்துப் பிரித்தே எது நல்ல பீஸ், எது ஓட்டை என்று கை பழகிவிட்டது. அப்புறம் நானே வாங்க ஆரம்பித்தேன். எனக்கு யாரும் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏமாற்றியவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஒரு மேனேஜர் இருந்தான். "கொடோனைக் காலி பண்ணோணுங்கம்மா, அதனாலதான் சல்லிசாக் குடுக்கறோம்" என்றான். நம்பி எடுத்தேன். அத்தனையும் சாயம் போகிற துணி. வாங்கிப்போனவர்கள் முதல் துவைப்பிலேயே திரும்பி வந்து என் கடை வாசலில் விசிறி எறிந்தார்கள். அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். ஒருத்தன் ஒரு காரணம் சொன்னால் அந்தக் காரணம் மட்டும் இருக்காது. அதற்கு அடியில் வேறு ஒன்று இருக்கும். அந்த அடியில் இருப்பதைப் பிடிக்கத் தெரிந்தால்தான் வியாபாரம்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். இதற்கு மீடியா சர்வர் என்று பேர். வீட்டில் இருந்த கல்யாண கேசட், சீர் கேசட், பழனி பாதயாத்திரை, பேத்தி தவழ்ந்தது, நடந்தது, எல்லாவற்றையும் இதற்குள் ஏற்றி வைத்துவிட்டான் அவன். டிவியை அமுக்கினால் இதிலிருந்து ஒயர் இல்லாமலே படம் போகும். ஹாலிலும் பார்க்கலாம், படுக்கிற ரூமிலும் பார்க்கலாம். வாங்கும்போது நான்தான் கூடப்போய்ப் பேசினேன். கடைக்காரன் உள்ளே பெரிய ஃபேன் ஒன்று சேர்த்துப் போடவேண்டும் என்றான். "வீட்டுல ஃபேன் இருக்குது, பொட்டிக்கு எதுக்குத் தனியா?" என்று அதைக் கழற்றச் சொல்லி விலையைக் குறைத்தேன். தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான் நான் பெற்றவன். அப்போதே அவனுக்கு என் மேல் கறுவல்.

ஹாலில் டிவிக்குப் பக்கத்திலேயே மேஜை மேல் வைத்தான். தண்ணீர் மாதிரி ஓடியது, பொய் சொல்லக்கூடாது. பழனி பாதயாத்திரையையும் பேத்தி தவழ்ந்ததையும் தெருவே வந்து பார்த்தது, கல்யாணப் படம் மட்டும் அப்போது போடவில்லை. ஆனால் அதுவும் கணக்குத்தான் அம்மிணி. லாட் கட்டுகிறவன் மேலே நல்ல பீஸாக அடுக்குவான், அடியில் கிழிசலை வைப்பான். முதலில் ஓடவிட்டு என்னை நம்பவைத்தான்.

அப்புறம் எங்கள் பின்தெருவில் திருட்டுப் போனது. பகலிலேயே பூட்டை உடைத்து மிக்ஸி வரைக்கும் எடுத்துப் போய்விட்டார்கள். விலையுள்ள பொருளை நான் மேஜை மேல் வைப்பேனா? எங்கள் வீட்டு இரும்பு பீரோ இருக்கிறதே, இரண்டு ஆள் சேர்ந்தாலும் அசைக்கமுடியாது. வெல்டரைக் கூட்டிவந்து பின்னால் ஒயர் போக ஓட்டை போடச்சொன்னேன். பெட்டியை உள்ளே வைத்து, அந்த வைஃபை டப்பாவும் விலையுள்ளதுதானே, அதையும் பக்கத்திலேயே வைத்து, மேலும் கீழும் பட்டுச்சேலையை அடுக்கி, கதவைச் சாத்திப் பூட்டினேன். சாவி இடுப்பில். நான் அதை எவ்வளவு நன்றாக வைத்திருந்தேன் என்று உனக்குத் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன். வெள்ளிக்கிழமையானால் அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு. ஐப்பசி மழையில் ஊரில் எல்லோர் துணியும் நமுத்துக் கிடந்தது. என் பட்டுச்சேலை மட்டும் இஸ்திரி போட்டு எடுத்தது மாதிரி கதகதப்பாக இருந்தது. அந்தப் பெட்டியால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தான் வேலையை. படம் போட்டால் கொஞ்ச நேரம் ஓடும். அப்புறம் நிற்கும். நடுவில் ஒரு வட்டம் சுற்றும். அது பாட்டுக்குச் சுற்றும், நாமும் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்புறம் கொஞ்சம் நகரும். அப்புறம் நிற்கும்.

நான் சும்மா இருப்பேனா? மாடியில் ஒரு வாத்தியார் குடியிருந்தார். வைஃபை ரகசிய எண்ணை நான்தான் பாவம் பார்த்துக் கொடுத்திருந்தேன். அவர்தான் உறிஞ்சுகிறார் என்று எண்ணை மாற்றச் சொன்னேன். படம் சரியாகவில்லை. வாத்தியாரிடம் நேராகவே கேட்டேன், "எங்க ஊட்டுப் படத்தை எதுக்குங்க இழுக்கறீங்க?" என்று. "நான் டிவியே பாக்கறதில்லீங்களே" என்றார். அடுத்த மாதம் வேறு வீடு பார்த்துப் போய்விட்டார். போனால் போகட்டும். படம் அப்போதும் நின்றது.

நெட் கனெக்‌ஷன் கொடுத்தவனை வரச்சொன்னேன். போனை வைத்து அங்கே இங்கே அளந்தான். "வீட்டுக்குள்ள ஓடறதுக்கு நெட் ஸ்பீடு வேண்டியதில்லீங்கம்மா. பொட்டி எங்க இருக்குது?" என்றான். காட்டினேன். சிரித்தான் அம்மிணி. "இரும்புக்குள்ள பூட்டி வெச்சா சிக்னல் எப்படி வெளிய வரும்? உள்ள காத்தும் இல்ல, சூடாகுது. சூடானா அது தானா வேகத்தைக் கொறைச்சுக்கும். கதவைத் தொறந்து வெயுங்க, செரியாயிரும்" என்றான்.

கேட்டாயா? எங்கிருந்தோ வருகிறான், பத்து நிமிஷம் நிற்கிறான், பீரோவைத் திறந்து வை என்கிறான். காற்று வேண்டுமாம். பெட்டி என்ன மூச்சா விடுகிறது? "செரீங் தம்பி, கெளம்புங்" என்று அனுப்பிவிட்டு அன்றைக்கே பூட்டின் மேல் இன்னொரு பூட்டுப் போட்டேன்.

அதைவிடக் கேள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து இவன் அதையே சொல்கிறான். ஒரு சொல் மாறாமல். "அம்மா, பொட்டியை வெளிய எடுங்க. சூட்டுல சாவுது." எனக்குப் பொறி தட்டியது. இவனுக்கு எதற்கு என் பீரோ திறக்கவேண்டும்?

உள்ளே என்ன இருக்கிறது என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மருமகள் மேகலாவின் நகை இருக்கிறது. அவள் அப்பன் வீட்டில் போட்டது. பாதுகாப்புக்காகத்தான் நான் வாங்கி வைத்தேன். அதற்கு முந்தின வாரம்தான் அவள் வந்து கேட்டாள், "அத்தை, சித்தி பொண்ணு கல்யாணத்துக்கு அந்த ஆரத்தை மட்டும் எடுத்துக் குடுங்க" என்று. "கூட்டத்துல யாராவது அத்துட்டுப் போனா யாரு பதில் சொல்றது? இருக்கறதைப் போட்டுட்டுப் போ" என்றேன். கவரிங் போட்டுக்கொண்டு போனாள். ஆனால் அந்த வாரம் அவள் ஆரம் கேட்கிறாள், இந்த வாரம் இவன் காற்று கேட்கிறான். அடியில் இருப்பதை நான் பிடித்துவிட்டேன். படத்தை நிறுத்தி நிறுத்தி என்னைச் சலிக்கவைத்து, என் கையாலேயே பீரோவைத் திறக்க வைக்கிற திட்டம். போனிலிருந்தே அந்தப் பெட்டியை ஆட்டிவைக்க அவனுக்குத் தெரியும். அவனே ஒரு தடவை செய்து காட்டியிருக்கிறான்.

தண்ணீர் இருக்கிறதா உன்னிடம்? ஒரு மடக்குப் போதும்.

பேத்தி இனியாவுக்குக் காதுகுத்து வைத்தோம். விருந்து முடிந்து ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் ஹாலில் உட்கார்ந்தார்கள். நான் முன்னமே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன், கல்யாணப் படம் போடுகிறேன், பெரிய டிவியில் உங்களை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று. மேகலாவின் அப்பா முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். போட்டோம். மண்டபம் வந்தது, மாப்பிள்ளை அழைப்பு வந்தது. அப்புறம் சமையல்கட்டு. அங்கே நான் சமையல்காரனோடு பேசிக்கொண்டிருக்கிறேன். எண்ணெய் டின்னை அவன் ஒளித்து வைத்திருந்தான், அதற்காகப் பேசினேன். கரண்டியை நீட்டி, வாயைத் திறந்து, கண்ணை உருட்டி. அங்கே வந்து நின்றது படம்.

நகரவே இல்லை அம்மிணி. டிவி நிறைய என் வாய். அதற்குள் அந்த வட்டம் சுற்றுகிறது.

மேகலாவின் அப்பா சொல்கிறார், "சம்பந்தியம்மா பேச ஆரம்பிச்சா நிறுத்தமாட்டாங்கன்னு சொல்வாங்க. இப்பத்தான் பாக்கறேன், நின்னு போயிட்டாங்க." ஹால் முழுக்கச் சிரிப்பு. கிழடுகள் கூடச் சிரித்தன. நான் யாரையும் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு அவனும் சிரித்துக்கொண்டிருந்தான்.

தூசி தின்று வளர்த்தேன் அவனை. அவனும் சிரித்தான்.

எழுந்து நின்று கேட்டேன். "பெத்தவளைச் சபையில சிரிப்பாச் சிரிக்க வெச்சுட்டயே, இதுக்குத்தான் இந்தப் பொட்டியா?" என்றேன். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து பக்கத்தில் வந்தான். மெதுவாகத்தான் சொன்னான், "அம்மா, பீரோவைத் தொறந்து வெயுங்க. இப்பவே ஓடும்." நான் மெதுவாகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "பொண்டாட்டி நகைக்காக நாடகம் போடறயா? அதுக்கு உங்க மாமனாரும் கூட்டா?"

அந்த மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்தார். மேகலா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவள், பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டாள். கையில் கிடந்த வளையலைக் கழற்றினாள். வெற்றிலைத் தட்டத்தில் வைத்து என் முன்னால் நீட்டினாள். "இதையும் உள்ள வெச்சுப் பூட்டிக்குங்க அத்தை. இனி அவரு பீரோவைத் தொறக்கச் சொல்லமாட்டாரு."

வாங்கி வைத்தேனா என்று பார்க்கிறாய். வைத்தேன். தங்கத்தைத் தட்டத்தில் விட்டுவைப்பார்களா?

சாயங்காலமே மூட்டை கட்டிவிட்டார்கள். நான் தடுக்கவில்லை. பிள்ளை மட்டும் காரின் கண்ணாடி வழியாகக் கையை ஆட்டியது, அதற்கு என்ன தெரியும். கோயமுத்தூரில் நூறடி ரோட்டில் கூட்டாளி ஒருத்தனோடு சேர்ந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணுகிறானாம். முதலில் அங்கே பனியன் கடைதான் போடப் பார்த்தான். விடுவேனா? காதர்பேட்டையில் லாட் கொடுக்கிற ஒவ்வொருத்தனிடமும் போய்ச் சொன்னேன், அவனுக்கு ஒரு பண்டல் போனாலும் அப்புறம் மயிலாத்தாளுக்கும் உங்களுக்கும் பேச்சில்லை என்று. ஒரு துணி கிடைக்கவில்லை அவனுக்கு. என்னிடம் கற்ற தொழிலை என்னை விட்டுப் போய்ச் செய்வானா? அவன் எண்ணையும் என் போனிலிருந்து அழித்துவிட்டேன். பொங்கலுக்கு யாரோ புது எண்ணிலிருந்து கூப்பிட்டார்கள், எடுத்ததும் பிள்ளைச் சத்தம், "ஆத்தா" என்று. பேசிவிட்டு அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டேன். அது பிள்ளைக்காக.

வீட்டில் இப்போது நான்தான். பொழுதுபோகாமல் படத்தைப் போடுவேன். வட்டம் சுற்றும். யாரும் இல்லாத வீட்டில், எந்த வாத்தியாரும் இழுக்காதபோது, எதற்குச் சுற்றுகிறது? சொல்லு. அங்கே உட்கார்ந்துகொண்டு அவன் சுற்றிவிடுகிறான்.

இன்றைக்குக் காலையில் இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று பெட்டியை வெளியே எடுத்தேன். தொட்டால் கை சுட்டது, ஆறவைத்துத்தான் தூக்கினேன். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ரிப்பேர் கடை. வேண்டுமென்றே தெரியாத கடையாகப் பார்த்துப் போனேன். கடைக்காரன் மேடை மேல் வைத்து, டிவியில் மாட்டிப் போட்டான்.

ஓடியது.

நிற்கவே இல்லை. அந்தச் சமையல்கட்டு வந்தது, நான் கரண்டியை நீட்டினேன், பேசினேன், முடித்தேன், போனேன். அப்புறம் முகூர்த்தம். அது வரைக்கும் வீட்டில் ஒருநாளும் போனதில்லை, கல்யாணத்தன்றும் நான் பார்க்கவில்லை. எண்ணெய் டின் தகராறில் பின்னால் இருந்துவிட்டேன். அந்தக் கடையில் நின்றுகொண்டுதான் பார்த்தேன். கல்யாணம் நடத்திவைக்கிற அருமைக்காரர் தாலியை எடுத்து அவன் கையில் கொடுத்துக் "கட்டு சாமி" என்கிறார். அவன் கட்டவில்லை. தாலியைக் கையில் பிடித்தபடி இப்படிப் பார்க்கிறான், அப்படிப் பார்க்கிறான், கூட்டத்துக்கு மேலே எட்டிப் பார்க்கிறான். "எங்கம்மா எங்கீங்க?" என்று யாரிடமோ கேட்கிறான். நேரமாகுது என்று அதட்டுகிறார்கள். கட்டுகிறான். கட்டிவிட்டும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். அவனுக்கு அப்போதே திருட்டு முழி, பார்த்தாயா.

கடைக்காரன் என் கையில் ஒரு காகிதத் துண்டைக் கொடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொன்னான். ரிப்பேர் கடையென்றால் தூசி இருக்காதா? "பொட்டி நல்லாத்தானுங்கம்மா இருக்குது. ஊட்டுல எங்க வெச்சிருந்தீங்க?" என்றான். அவனுக்கு எதற்கு நான் எங்கே வைக்கிறேன் என்று? மூட்டையைக் கட்டிக்கொண்டு நேராக இந்தப் பஸ்ஸில் ஏறினேன்.

இப்போது சொல்லு. ஊரில் கண்ட கடையில் ஓடுகிறது, என் வீட்டில் மட்டும் ஓடவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

என்ன? என்ன சொன்னாய்?

பீரோவுக்கு வெளியே வைத்துப் பார்த்தீர்களா என்றா கேட்டாய்?

உனக்கு எந்த ஊர் அம்மிணி? அப்பா என்ன செய்கிறார்? இல்லை, சும்மாதான் கேட்டேன். அந்தப் பையை அந்தப் பக்கம் வைத்துக்கொள். நான் சாவியை இடுப்பில்தான் வைத்திருக்கிறேன், பஸ்ஸிலும் கையை எடுக்கமாட்டேன். நீ படிக்கிற பிள்ளை, நல்ல பிள்ளைதான். ஆனால் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினால் எனக்குச் சந்தேகம் வருமா வராதா?

நீலாம்பூர் தாண்டிவிட்டது. இனி ஹோப்ஸ், அப்புறம் காந்திபுரம். அங்கிருந்து ஆட்டோவில் ஏறமாட்டேன், நடந்தே போவேன். அவன் கடையில் கூட்டம் இருக்கவேண்டும். கூட்டாளி இருக்கவேண்டும், வாடிக்கைக்காரன் இருக்கவேண்டும். என் ஹாலில் எத்தனை பேர் பார்த்தார்களோ அத்தனை பேர் பார்க்கவேண்டும். பெட்டியை அவன் மேஜை மேல் வைத்துக் கேட்பேன். இங்கே உன்னிடமே கேட்டுப் பார்க்கிறேன், சரியாக வருகிறதா சொல்லு.

டேய். ஊர் ஊராக ஓடுகிற படம் என் வீட்டில் மட்டும் ஏன்டா நிற்கிறது? நீ செய்த கோளாறு, நீதான் எடுக்கவேண்டும். ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லாதே, நான் எவனையும் வீட்டுக்குள் விடமாட்டேன். போனில் சொல்லித்தருகிறேன் என்றும் சொல்லாதே. கடையைச் சாத்து. பெட்டியை நீ தூக்கு, எனக்குத் தோள் வலிக்கிறது. மேகலாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொள், அவர்களும் பார்க்கட்டும் நீ செய்த வேலையை. இதே பஸ்ஸில் திரும்பி வா. என் ஹாலில் வந்து உட்கார். முகூர்த்தம் வரைக்கும் படம் நிற்காமல் ஓடவேண்டும், ஓடினால் மட்டும் போதாது, முடிகிற வரைக்கும் ஓடவேண்டும், மறுபடி போட்டாலும் ஓடவேண்டும். அது வரைக்கும் நீ எழுந்திருக்கக் கூடாது. எத்தனை நாளானாலும் சரி, சோறு நான் போடுகிறேன். வந்து சரிபண்ணிக் கொடு.